ஏக்க நிறுத்தம்

மூடிப்போன நெசவாலையையும் அதன் தெருக்களையும் ஊருக்குச் சுற்றிக் காட்டுவதற்கென்றே ஒரு கழகம் இருக்கிறது. மரபு நடைக் கழகம் என்று பெயர். நடப்பதற்கு எதற்குக் கழகம் என்று கேட்டுவிடக் கூடாது. ஆலை ஓடிய காலத்தில் அந்தத் தெருவில் தினமும் ஆயிரக்கணக்கான பேர் எந்தக் கழகமும் இல்லாமல் நடந்தார்கள், வாஸ்தவம்தான். அது வேலைக்குப் போகிற நடை. சீட்டு வாங்கி, காதில் கருவி மாட்டி, கையில் காப்பிக் கோப்பையோடு வழிகாட்டியின் பின்னால் போனால்தான் அது மரபு நடை. இந்த வித்தியாசம் புரியாதவர்களைக் கழகம் வேலைக்கு எடுப்பதில்லை.

சின்னவனை எடுத்தார்கள். தலை நரைத்த பிறகும் வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். அண்ணன் வைத்த பெயர், மாறவில்லை. ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தான். அச்சகத்தை மூடினார்கள். அதன் பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்து மனைவி வாங்கி வந்த செய்தித்தாளில் பிழை திருத்திக்கொண்டிருந்தான். அந்தத் தாளில்தான் வழிகாட்டி தேவை என்ற விளம்பரம் வந்தது. அதிலும் இரண்டு பிழை இருந்தது.

நேர்முகத்துக்குப் போனபோது அவனுக்கு ஒரு நம்பிக்கை. அப்பா அந்த ஆலையில்தான் இருந்தார். அப்பாவுக்குப் பிறகு அண்ணன், மீசை முளைக்கும் முன்பே தறியில் நின்றவர். இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனான். அவனுக்கு முன்னால் உள்ளே போன ஆள் இதே தகுதியைச் சொல்லிவிட்டு, உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்தான். சின்னவன் சுதாரித்துக்கொண்டான். ஆலையில் வேலை பார்த்த சொந்தக்காரர் யாராவது உண்டா என்று செயலாளர் கேட்டதும், யாருமே இல்லை என்றான்.

செயலாளருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. அந்தக் குடும்பத்து ஆளுங்களை வெச்சா ஒரே புலம்பல். விரல் போச்சு, காது போச்சு, கடைசி மாசச் சம்பளம் வரலைன்னு. வர்றவங்க லீவு நாள்ல வர்றாங்க, பாவம். அவங்களுக்கு வேண்டியது ஏக்கம். குறை இல்ல. பாரபட்சமில்லாம ஏங்கத் தெரிஞ்ச ஆள்தான் நமக்கு வேணும்."

பாரபட்சமில்லாமல் ஏங்குவதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு சாம்பல் நிறத் துணி கொடுத்தார்கள். புகைபோக்கியின் அடியில் எல்லாரும் அண்ணாந்து பார்த்து, வழிகாட்டி இருமும் வரை பேசக் கூடாது. செங்கல் சுவரை இடது உள்ளங்கையால் தொட வேண்டும். வலது கையில் காப்பி இருக்கும். அந்தச் சுவருக்கே ஒரு கதை உண்டு. முந்தைய செயலாளர் அதில் படிந்திருந்த கரியையெல்லாம் ஆள் வைத்துச் சுரண்டிக் கழுவினார். இப்போதைய செயலாளர் வந்து பார்த்துவிட்டு, சுவரில் வரலாறு தெரியவில்லையே என்று ஓவியரைக் கூப்பிட்டுப் புதுக் கரி பூசச் சொன்னார். மழை பெய்தால் வரலாறு வழிந்து சாக்கடைக்குப் போய்விடுகிறது. அதனால் மேகம் கறுத்ததும் சுவருக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள்.

ஆலைச் சங்கையும் பழுது பார்த்து ஏற்றினார்கள். ஆலைக் குடியிருப்பை இடித்துக் கட்டிய மாடி வீடுகளில் இருப்பவர்கள் தூக்கம் கெடுகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். ஆலைச் சங்கு கேட்கும் தூரத்தில் வீடு என்று விளம்பரத்தில் படித்துத்தான் அவர்கள் வீடு வாங்கியிருந்தார்கள். ஆகவே சங்கு இப்போது நடையில் வருகிறவர்களின் காதுக் கருவிக்குள் மட்டும் ஊதுகிறது.

அதே கருவிக்குள்தான் தறி ஓசையும். தறிக்கூடம் இன்று வாசனைத் திரவியக் கடை. உள்ளே நுழைந்ததும், தறி ஓசை செவிக்குத் தீங்கானது, டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் கூட்டிவைக்க வேண்டாம் என்று ஒரு பெண்குரல் கனிவாக எச்சரிக்கும். பிறகு ஓசை கொஞ்ச நேரம் கேட்கும். சிலர் அதற்கே காதைப் பொத்திக்கொள்வார்கள். அந்த ஓசையிலேயே தலை நரைத்தவர் அண்ணன். அவரை யாரும் கனிவாக எச்சரிக்கவில்லை. ஆலை மூடுவதற்கு வெகு முன்பே அவருக்கு இரண்டு காதும் போயிருந்தன. சின்னவனைப் படிக்கவைத்ததே அந்தக் காதுகள்தான் என்று சொல்ல வேண்டும்.

தறி ஓடும்போது பேசினால் கேட்காது என்பதால் அங்கே உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. நடையில் அதையும் ஒரு விளையாட்டாக வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் ஜோடி ஜோடியாக நின்று சத்தமில்லாமல் வாயசைத்து, ஒன்றும் புரியாமல் சிரிப்பார்கள். சின்னவன் வீட்டில் அது விளையாட்டு இல்லை. அண்ணனோடு பேச வேண்டுமென்றால் வெளிச்சத்தில் நின்று முகத்தை நிமிர்த்திப் பேச வேண்டும். அவருக்குத் தெரியாமல் பேச வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. முதுகைக் காட்டினால் போதும். புருஷன் பெண்டாட்டிச் சண்டையெல்லாம் அந்த வீட்டில் முதுகைக் காட்டித்தான் நடக்கும்.

வாசனைக் கடையைத் தாண்டினால் ஆலையின் பழைய வாசல். அதற்குக் கழகம் வைத்த பெயர் ஏக்க நிறுத்தம். வாசலின் ஓரத்தில் ஒரு கல்படி. ஆலை மூடிய நாளிலிருந்து அண்ணன் தினமும் முதல் ஷிப்டு நேரத்துக்கு வந்து அந்தப் படியில் உட்காருவார், ஷிப்டு முடிகிற நேரத்துக்கு எழுந்து வீட்டுக்குப் போவார். வேறு எங்கே போவார் மனுஷன்? காது கேட்காதவரோடு எந்தக் கடையில் யார் உட்கார்ந்து அரட்டை அடிக்கப் போகிறார்கள்?

முதல் நாள் சின்னவன் கூட்டத்தோடு அங்கே வந்ததும் அண்ணன் அவனைப் பார்த்தார். முகம் அப்படியே விரிந்தது. கையை உயரத் தூக்கினார். தறிக்கூடத்தில் கை தூக்கினால், என் தறி நன்றாக ஓடுகிறது, நீ உன் வேலையைப் பார் என்று அர்த்தம். கூட்டத்தில் ஓர் அம்மாள், உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டாள். சின்னவனுக்கு வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது. ஆனால் பயம் மட்டும்தான் என்று சொன்னால் பொய். அண்ணன் போட்டிருந்த வெளுத்துப்போன சட்டையும், பொத்தானுக்குப் பதில் குத்தியிருந்த ஊக்கும் அவன் கண்ணில் பட்டன. அந்த அம்மாளின் கண்ணிலும் படுமே என்று கூச்சமாக இருந்தது.

"எல்லாரையும் பாத்துக் கை தூக்குவார்மா. பாவம், யாரோ" என்றான். சொல்லும்போது மறக்காமல் அண்ணனுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

சாயந்திரம் வீட்டில் அண்ணன் சந்தோஷமாகத்தான் இருந்தார். வேலை நேரத்தில் நின்று பேசக் கூடாது, அங்கே சட்டதிட்டம் அப்படி என்று சின்னவன் சமாதானம் சொன்னான். தறியில் நிற்கும்போது நாங்கள் மட்டும் பேசினோமா, வேலையைப் பார் என்றார் அண்ணன். கழுத்துத் துணி எடுப்பாக இருந்தது என்றார். பிறகு சாப்பிட்டுக்கொண்டே, "எதுத்தாப்புல அந்தக் காப்பிக் கடைக்குப் பெருசாக் கண்ணாடி போட்டாலும் போட்டாங்க, உக்காந்த எடத்துலேர்ந்தே எல்லாம் தெரியுது" என்றார். சின்னவனின் மனைவி, ஆமாம், அந்தக் கடையில் ஒரு காப்பி குடித்தால்தான் தெரியும் என்று சிரித்தாள். பேச்சு அதோடு போனது.

நடைக்கு வந்தவர்கள் கழகத்துக்குக் கருத்து எழுதி அனுப்புவார்கள். எல்லாரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள். புகைபோக்கி பரவாயில்லை, சுவர் பரவாயில்லை, அந்தக் கை தூக்கும் மனிதர் பிரமாதம். உடனே கழகம் விழித்துக்கொண்டது. கழகத்தில் உணர்ச்சி ஆலோசகர் என்று ஓர் அம்மையார் உண்டு. எந்த இடத்தில் எவ்வளவு உணர்ச்சி வர வேண்டும் என்று கணிப்பது அவர் வேலை. அவர் வந்து, அண்ணனைத் தெருவின் அந்தப் பக்கம் நின்றபடியே பார்த்துவிட்டுப் போய், வழிகாட்டிகள் சொல்வதற்கு ஓர் உரை எழுதிக் கொடுத்தார்.

"இதோ அமர்ந்திருக்கும் இந்த மனிதர் யார் என்று எவருக்கும் தெரியாது. இவருக்கென்று உறவு இல்லை. இவரைத் தேடி வர ஓர் ஆள் இல்லை. ஆலை போய்விட்டது, இவர் போகவில்லை. இவர் கையசைப்பது நமக்கல்ல, காலத்துக்கு."

இதைத் தரையில் நின்று சொன்னால் எடுபடாது என்று, ஆலையில் நூல்கண்டு அடுக்கிய பழைய மரப்பெட்டி ஒன்றையும் கொடுத்தார்கள். அதன் மேல் ஏறி நின்று, கூட்டத்தின் தலைக்கு மேலே பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக உச்சரிக்க வேண்டும். சின்னவன் பெட்டியில் ஏறுவான். அண்ணனுக்கு முதுகைக் காட்டிக்கொள்வான். எதிரே கூட்டம், கூட்டத்துக்குப் பின்னால் காப்பிக் கடை. அச்சகத்தில் இருந்தவன் அல்லவா, உச்சரிப்பு சுத்தமாக இருக்கும். உறவு இல்லை என்ற இடத்தில் பல பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சொல்லி முடித்துத் திரும்புவான். அண்ணன் கை தூக்குவார்.

ஆரம்பத்தில் பெட்டியில் ஏறவே தயங்கினான். போகப் போகப் பழகிவிட்டது. காது கேட்காதவர், திரும்பி நிற்பதால் என் முகமும் தெரியாது, அவருக்கு என்ன தெரியப் போகிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். எதைச் சொல்லித் தேற்றிக்கொண்டாலும் ராத்திரிச் சாப்பாட்டில் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதை அவன் குறைத்துக்கொண்டான். அதுவும் பழகிவிட்டது.

ஒரு வாரம் அண்ணனுக்குக் காய்ச்சல். படி காலியாகக் கிடந்தது. கழகத்தில் ரகளை. உறவற்ற மனிதரைக் காட்டுவதாகச் சொல்லிவிட்டு வெறும் படியைக் காட்டினார்கள் என்று சீட்டு வாங்கியவர்கள் சண்டை போட்டார்கள். அவசரக் கூட்டம் கூட்டினார்கள்.

"மனுஷனை நம்பி ஒரு நிறுத்தத்தை நடத்த முடியாதுங்க" என்றார் செயலாளர். "இன்னிக்குக் காய்ச்சல்ம்பான், நாளைக்கு ஒரேயடியாப் போயிடுவான். வெண்கலத்துல செஞ்சுட்டா இந்தத் தொல்லையே இல்ல."

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். அந்தக் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு வந்த கையால் சின்னவனும் தட்டினான்.

காய்ச்சல் தேறி அண்ணன் திரும்ப வந்ததும் சிற்பி வந்து அவரை வரைந்துகொண்டு போனார். ஏதோ அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறார்கள் என்று நினைத்து அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து தலையைக் கையால் கோதிக்கொண்டார். சிலை தயாரானது. கையும் உடம்பும் அண்ணனுடையவை. முகம் மட்டும் வேறு. அண்ணனின் முகத்தில் போதிய சோகம் இல்லை என்று ஆலோசகர் மாற்றச் சொல்லிவிட்டாராம்.

அதன் பிறகுதான் சிக்கல் வந்தது. சிலையை வைக்க வேண்டிய படியில் ஆள் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் வைக்கலாம் என்றால், இரண்டு பேர் கை தூக்கிக்கொண்டிருந்தால் எது அசல் என்று மக்கள் குழம்புவார்கள் என்றார் ஆலோசகர். சிலைக்கு நிறையச் செலவாகிவிட்டதால் அதுவே அசல் என்று முடிவு செய்தார்கள். ஆளைக் கிளப்ப வேண்டும். யார் கிளப்புவது? எல்லாரும் சின்னவனைப் பார்த்தார்கள். அவனைக் கண்டால்தான் அந்த மனிதர் அதிக உயரம் கை தூக்குகிறார் என்று செயலாளர் கவனித்திருந்தார்.

"உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

கேட்டது சாதாரணமாகத்தான். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வந்திருக்காது. "இல்ல சார்" என்றான் சின்னவன்.

வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். தினமும் வாயைத் திறப்பான், அண்ணன் என்ன என்று முகத்தைப் பார்ப்பார், ஒன்றுமில்லை என்பான். மனைவியிடம் சொல்லிப் பார்த்தான். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு, "அவர் சோத்துல படிச்சவர் நீங்க. நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள்.

திறப்பு விழா நாள் வந்துவிட்டது. பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, சிலையைத் துணியால் மூடிப் படிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். படியில் அண்ணன். தெருவில் ஏதோ விசேஷம் என்று தெரிந்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரும் விழாவில் ஓர் அங்கம் என்று நினைத்துச் சிலர் அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

கழகத் தலைவர் பேச எழுந்தார். ஆலையை வாங்கி மாடி வீடு கட்டியவர் அவர்தான். "உழைப்பாளிக்கு இந்தத் தெருவில் நிரந்தரமாக ஓர் இடம் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு" என்று ஆரம்பித்தார். "அவர்கள் எல்லாரும் இங்கேதான் குடியிருந்தார்கள். நாங்கள் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் வாடகை கட்ட முடியாமல் போய்விட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு. இந்தச் சிலையை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது. இதற்குப் பசிக்காது, இது எதுவும் கேட்காது. இப்படிப்பட்ட உழைப்பாளியைத்தான் நாம் அடுத்த தலைமுறைக்கு விட்டுச் செல்ல வேண்டும்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அந்தக் கைதட்டலுக்குள் செயலாளர் சின்னவனின் முழங்கையைக் கிள்ளினார். சின்னவன் போனான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, அண்ணனின் முகத்துக்கு நேரே நின்றான். அந்தத் தெருவில் அவன் அண்ணனுக்கு முகத்தைக் காட்டிப் பேசுவது அதுதான் முதல் தடவை. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தான். அண்ணே, எந்திரிச்சுப் போயிருண்ணே.

அண்ணன் அவன் உதட்டைப் பார்த்தார். மூடியிருந்த சிலையைப் பார்த்தார். எழுந்து, உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் தட்டிவிட்டார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. அவர் சொன்னது கடைசி நாற்காலி வரை கேட்டது.

"சரிங்க சார். நான் யாரோ எவரோ. தேடி வர ஆள் இல்லாதவன். எனக்கு இங்க என்ன வேலை."

கோபமாகச் சொல்லவில்லை. தம்பியின் வேலைக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்கிற குரலில்தான் சொன்னார். கூட்டம் உச்சுக் கொட்டியது. ஆலோசகர், அருமையான வரி, உரையில் சேர்த்துவிடலாம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அண்ணன் தெருமுனை வரை போய், திரும்பி நின்று, கையைத் தூக்கினார். அதுவும் நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

விழா முடிந்தது. சிலையைத் தூக்கிப் படியில் பாதியை அடைத்து வைத்தார்கள். செயலாளர் சின்னவனைத் தட்டிக்கொடுத்து, இனி நீங்கள்தான் தலைமை வழிகாட்டி என்றார். சின்னவன் நன்றி சொன்னான். மீதிப் படியில், சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அண்ணனுடைய சமயோசிதத்தை நினைத்து ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. தேடி வர ஆள் இல்லாதவன் என்று அவருக்கு எப்படி வாயில் வந்தது?

அதற்குள் புதிதாகச் சேர்ந்த வழிகாட்டிப் பெண் முதல் கூட்டத்தை அழைத்து வந்துவிட்டாள். மரப்பெட்டியில் ஏறினாள். சிலைக்கும் சின்னவனுக்கும் முதுகைக் காட்டி நின்று உரையை ஆரம்பித்தாள். சின்னவன் தலையை நிமிர்த்தினான்.

எதிரே காப்பிக் கடைக் கண்ணாடி. பெட்டியில் ஏறியதால் அவள் முகம் கூட்டத்தின் தலைக்கு மேலே எழும்பி, அந்தக் கண்ணாடியில் பளிச்சென்று விழுந்திருந்தது. உதடு தெரிந்தது. கண்ணாடியில் எழுத்து வேண்டுமானால் திரும்பிப்போகும். உதட்டுக்கு இடம் வலம் கிடையாது. தறிக்காரர் வீட்டில் வளர்ந்தவனுக்கு அதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் என்று எவருக்கும் தெரியாது, என்றது உதடு. உறவு இல்லை, என்றது. தேடி வர ஓர் ஆள் இல்லை, என்றது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரிகிறது என்று அண்ணன் முதல் நாளே சொன்னார். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். எல்லாம் தெரிந்துதான் மறுநாளும் வந்து உட்கார்ந்தார், கை தூக்கினார். அதற்கு மறுநாளும் தூக்கினார். உன் வேலையைப் பார் என்றார். சின்னவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. கழுத்துத் துணியை அவிழ்த்தான். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. சிலையின் மடியில் வைத்துவிட்டு எழுந்தான். கூட்டத்தில் ஒருவர், அவர் யார் என்று கேட்டார். வழிகாட்டிப் பெண், தெரியவில்லை என்றாள்.

வீட்டில் அண்ணன் வழக்கமான இடத்தில், விளக்குக்கு நேரே உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டையைக் கழற்றி மடித்து வைத்திருந்தார். விழா நன்றாக நடந்ததா, சாப்பாடு போட்டார்களா என்று கேட்டார். சின்னவன் எதிரே போய் உட்கார்ந்தான். மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான், நேர்முகத்திலிருந்து கண்ணாடி வரைக்கும், தரையைப் பார்த்தபடியே.

அவன் சொல்லி முடிக்கும் வரை அண்ணன் காத்திருந்தார். பிறகு கையை நீட்டி அவன் தோளைத் தொட்டார்.

"மொகத்தத் தூக்கிப் பேசுடா சின்னவனே. இப்படிக் குனிஞ்சுக்கிட்டா, நீ என்ன சொல்றேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதைத்தான் சின்னவனால் செய்ய முடியவில்லை.